சொல்லுக்கு வயது கேட்டவருக்கு

மேடம்,

போன வியாழக்கிழமை ஒரு பெண் தன் ஆய்வேட்டை டைப் அடிக்க என் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். முந்நூறு பக்கம், கையெழுத்து கோழிக் கிறுக்கல். மூன்றாம் இயலின் அடிக்குறிப்பு ஒன்றில் உங்கள் பெயர் வந்தது. இனிஷியல், பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, பக்க எண். என் விரல்கள் கையெழுத்தைப் பார்க்காமலே உங்கள் பெயரை அடித்து முடித்துவிட்டன. எத்தனை முறை அடித்த பெயர்! அடித்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, எழுத்து புரியலையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா, இவங்களை எனக்குத் தெரியும்" என்றேன். "இவங்க தீசிஸை நான்தான் அடிச்சேன்."

அவள் கண்ணை அகல விரித்தாள். அந்த ஏட்டைத் தேடிப் பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு நாள் காத்திருந்தாளாம். அவள் போன பிறகு உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்களுக்காக இந்த இருபது வருடத்தில் லட்சம் பக்கம் அடித்திருப்பேன். என் பேச்சை நான் அடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பச்சை மையில் சுழித்துவிட நீங்கள் இல்லை என்பது மட்டும்தான் குறை.

நீங்கள் முதன்முதலில் வந்தது ஐப்பசி மழையில். முசிறியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர். உங்கள் புடவை தெப்பமாக நனைந்திருந்தது. கைப்பிரதி மட்டும் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் காய்ந்த சருகுபோல இருந்தது. உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே நாலு கடை இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். அங்கே ஒரு கடையில் தலைப்பைப் படித்துவிட்டு ஆள் மாற்றி ஆள் சிரித்தார்கள், இன்னொரு கடையில் வேலை அதிகம் என்றார்கள் என்று நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள்.

நான் தலைப்பைப் படித்தேன். தமிழகத்தில் ஒரே பாலினத்தார் இடையேயான காதலையும் உறவையும் வெவ்வேறு காலங்களில் மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஆராய்கிற ஏடு. தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"மேடம், கோயிலுக்குப் போறவங்க வர்றவங்க நுழையற கடை இது. பேப்பர் வெளியில கிடந்தா நாலு பேர் பார்ப்பாங்க."

"நீங்க படிக்க வேணாம் சிஸ்டர். அடிச்சுக் கொடுத்தா போதும்."

"படிக்காம எப்படி மேடம் அடிக்கிறது?"

"அப்படின்னா படிச்சுக்கிட்டே அடிங்க" என்றீர்கள். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தீர்கள்.

நான் ஒப்புக்கொண்டது உங்கள் சிரிப்புக்காகவோ மழைக்காகவோ இல்லை. எனக்குச் செந்தில் என்று ஒரு தம்பி இருந்தான். ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அதை அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு இயல்களை முடித்துவிட்டு உங்களுக்கு ஓர் உபகாரம் செய்வதாக நினைத்து நான் செய்த காரியம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஏட்டில் ஒரே விஷயத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு பெயர் இருந்தது. ஓரிடத்தில் இயற்கைக்கு விரோதமான குற்றம். இன்னோரிடத்தில் பாவம். பள்ளி விடுதிகளைப் பற்றிய பகுதியில் கெட்ட பழக்கம். அப்புறம் மனக்கோளாறு. கடைசியில் தன்பாலீர்ப்பு. வழிகாட்டிகள் எப்போதும் கலைச்சொல் சீராக இருக்க வேண்டும் என்று மாணவர்களைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அதனால் கம்ப்யூட்டரில் தேடி, எல்லாவற்றையும் தன்பாலீர்ப்பு என்றே மாற்றிவிட்டேன். ஒரு நிமிட வேலை. பெருமையாகப் பிரிண்ட் எடுத்து உங்களிடம் கொடுத்தேன்.

நீங்கள் நாலு பக்கம் புரட்டினீர்கள். முகம் வெளுத்துப்போயிற்று.

"சிஸ்டர், நூறு வருஷத்தை ஒரே நிமிஷத்துல துடைச்சு விட்டுட்டீங்களே!"

நான் பயந்துவிட்டேன். நீங்கள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பிறகு ஒரு குழந்தைக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறது மாதிரி விளக்கினீர்கள். குற்றம் என்று எழுதிய காலத்தில் ஒருத்தர் என்ன செய்தார் என்று மட்டும்தான் கேட்டார்கள். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கவில்லை. இன்றைக்கு அதைச் செய்தவர் நாளைக்குச் செய்யாமல் இருக்கலாம், திருட்டு மாதிரி, குடி மாதிரி. அப்புறம்தான் மருத்துவர்கள் வந்தார்கள். செயலை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் இந்த வகை, பிறவியிலேயே வேறு, நோயாளி என்றார்கள். அதற்கும் பிறகு அந்த ஆட்களே எழுந்து, ஆமாம் நாங்கள் ஒரு வகைதான், நோயாளிகள் இல்லை என்று தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வயசு இருக்கு. இன்னைக்குப் பொறந்த பேரை நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவர் தலையில ஒட்டக் கூடாது. அவர் அதைக் கேட்டா யாரைச் சொல்றீங்கன்னு திரும்பிப் பார்ப்பார்."

"அப்ப அந்தக் காலத்துல இவங்கள்லாம் கிடையாதா மேடம்?"

"அதுலதான் எங்க ஆராய்ச்சி ஆளுங்களுக்குள்ளயே சண்டை. எல்லாக் காலத்துலயும் இருந்தாங்கன்னு சில பேர். இந்த மாதிரி மனுஷன்னு ஒரு வகையே புதுசுன்னு சில பேர். எனக்கு ரெண்டு பேரும் சரின்னுதான் படுது. அவங்க ஆசையைப் பத்திப் பேசறாங்க, இவங்க பேரைப் பத்திப் பேசறாங்க."

அன்று நாம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப மாற்றினோம். நடுவில் மின்சாரம் போனது. காத்திருந்தோம். வந்ததும் தொடர்ந்தோம். எனக்கு அலுக்கவே இல்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தால் காபி சொல்வது வழக்கமாகிவிட்டது. பேச்சுவாக்கில் ஒருநாள், எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன். உங்களுக்கு ஏன் இந்த சப்ஜெக்ட் என்று. கல்லூரியில் கேட்டவர்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னீர்கள். "எங்க ஊர்ல ஒருத்தர் வாழை வியாபாரத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றார். நீங்க வாழைமரமான்னு அவரை யாரும் கேக்கலை." நான் குலுங்கிச் சிரித்தேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. கடைசிவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நான்காம் இயலுக்கு வந்தேன். பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த டாக்டர் பதில்களைப் பற்றிய இயல் அது. பெயர் போடாமல் வாசகர்கள் எழுதுவார்கள், மருத்துவர்கள் பதில் சொல்வார்கள். இருபது முப்பது வருடப் பதில்களை நீங்கள் திரட்டி வைத்திருந்தீர்கள். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அச்சு. இது ஒரு மனக்கோளாறு, நல்ல டாக்டரைப் பார்த்தால் சரியாகிவிடும், கல்யாணம் ஆனால் தானாக மறந்துவிடும்.

அந்த வரியை அடிக்கும்போது என் கை நின்றது. அது என் குரலில் கேட்டது.

செந்தில் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தான். வீட்டில் அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த நேரம். ஒரு சாயங்காலம் என்னைக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். படித்துறையில் ஈரம் படாத படியாகப் பார்த்து உட்கார்ந்தோம். அதே பட்டறையில் லேத்தில் வேலை பார்க்கிற பாஸ்கரைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பொண்ணு பார்க்க வேணாம்னு நீதான் அக்கா அப்பாகிட்டச் சொல்லணும். வேற யாருகிட்ட நான் சொல்லுவேன்?"

நான் சொன்னேன். "இது ஒரு மனக்கோளாறுதான்டா. நல்ல டாக்டரைப் பார்த்தா சரியாயிடும். கல்யாணம் ஆனா தானா மறந்துடும்."

அவன் எழுந்து படியேறிவிட்டான். வீடு வரை எனக்கு முன்னால் நடந்தான். நான் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், ஆனால் அவன் கேட்டுக்கொண்ட விதத்தில் சொல்லவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் இரும்போடு இருந்தவர் அப்பா. "இந்த வீட்டுல அவன் பேரு இனிமே கேக்கக் கூடாது" என்றார். அடுத்த மாதமே செந்தில் ஒரு பையோடு ஓசூருக்குப் போய்விட்டான். பாஸ்கரும் கூடப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டோம். அப்பா இறந்தபோதுகூட நாங்கள் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. நாங்கள் என்ன நாங்கள். நான்தான் அனுப்பவில்லை.

பத்தாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அங்கே வாங்கிவந்து வாராவாரம் அந்த டாக்டர் பதில்களைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவள் நான். படித்ததே மறந்துவிட்டது. வாசகம் மட்டும் உள்ளே கிடந்து, தம்பி வாயைத் திறந்த அன்று வெளியே வந்திருக்கிறது. அதை என் சொந்த அறிவு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் நீங்கள் வந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவரைக்கூட அப்புறம் வரச் சொல்லிவிட்டேன். கடைசியில், "அது என் வார்த்தையே இல்லை மேடம். எங்கேயோ படிச்சது. எனக்கென்ன தெரியும்?" என்று அழுதேன்.

ஐயோ பாவம், உங்க மேல தப்பில்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வார்த்தை எங்கேயோ இருந்து வந்தது, உண்மைதான். ஆனா சொன்னது நீங்க. வரலாறு எழுதறதுன்னா ரெண்டையும் எழுதணும் சிஸ்டர்" என்றீர்கள்.

அன்று எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் உங்கள் ஏட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சித்தி மகனிடம் கேட்டுச் செந்திலின் நம்பரை வாங்கினேன். இன்றைக்கு நினைத்தால், நீங்கள் அன்று என்னைத் தப்பிக்க விட்டிருந்தால் நான் அந்த நம்பரைக் கேட்டிருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தில் முதல் நன்றி அதற்குத்தான்.

மத்தியானம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு போன் செய்தேன்.

"யாருங்க?"

"அக்காடா."

ஒரு லாரி போகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. "அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லா இருக்காங்க. நான்தான்... அன்னைக்குப் படித்துறையில நான் சொன்னது தப்பு செந்தில். நீ நம்பி வந்தே. நான் உன்னை நோயாளின்னுட்டேன்."

"சரிக்கா. ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டான்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். பதினோரு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "சாப்டியாக்கா?" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு வந்தான். மீசையில் நரை. அம்மா அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி எலுமிச்சை சாதத்தைத் தட்டில் வைத்தாள். மறுநாள் அவன் கடையில் வந்து உட்கார்ந்தான். நீங்களும் வந்தீர்கள். அவனைப் பேட்டி எடுப்பீர்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். நீங்கள் நோட்டைத் திறக்கவே இல்லை. ஓசூர் குளிரைப் பற்றியும் வெல்டிங் கண்ணாடியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவன்தான் திரையில் இருந்த உங்கள் ஏட்டைப் படிக்கலாமா என்று கேட்டான். இரண்டு மணி நேரம் படித்தான்.

"ஒண்ணு கேட்கலாங்களா?" என்றான். "இதுல இருக்கறவங்க எல்லாம் ஒண்ணு கோர்ட்ல நிக்கறாங்க, இல்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க, இல்ல வார்டன்கிட்ட அடி வாங்கறாங்க. சந்தோஷமா இருந்தவங்க ஒருத்தர்கூட இல்லையே?"

"அவங்களைப் பத்திப் பேப்பர் கிடைக்கலை தம்பி."

"எப்படிக் கிடைக்குங்க? மாட்டுனாத்தானே எழுதுவாங்க. நானும் பாஸ்கரும் பத்து வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். வாடகை குடுக்கறோம், சமைக்கறோம், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடறோம். எங்களைப் பத்தி எந்த ஆபீஸ்ல ஃபைல் இருக்கும்?"

உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டீர்கள். மறுநாள் காலையில், கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றீர்கள். முன்னுரையில் சேர்க்க ஒரு பத்தி. இந்த ஆய்வுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிடித்தவர்களும் தண்டித்தவர்களும் குணப்படுத்தப் பார்த்தவர்களும் எழுதி வைத்தவை. யார் கண்ணிலும் படாமல் நிம்மதியாக வாழ்ந்து முடித்தவர்கள் இவற்றில் இல்லை. ஏட்டில் அவர்கள் இல்லை என்பதால் அவர்கள் வாழவில்லை என்று கொள்ளக் கூடாது. அதை அடிக்கும்போது நான் ஒரு பிழைகூட விடவில்லை. நன்றியுரையில் ஓசூரிலிருந்து வந்த ஒரு வாசகருக்கும் நன்றி சொல்லியிருந்தீர்கள். செந்தில் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து இன்னும் வைத்திருக்கிறான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று நீங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தீர்கள். "முடிவுரையை மாத்தணும் சிஸ்டர்!" சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. இந்த உறவைக் குற்றம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த சட்டம் அன்றைக்குத்தான் செந்தில் போன்றவர்களை விட்டது. வீட்டில் டிவியில் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். என்ன புரிந்ததோ, ராத்திரி சாப்பிடும்போது, "செந்தில்கூட இருக்கே அந்தப் புள்ள, அது என்ன சாப்பிடும்? கறி சாப்பிடுமா?" என்று கேட்டாள். குற்றம், பாவம், நோய் என்ற சொல் எதுவுமே அவளிடம் இருந்ததில்லை என்று அப்போதுதான் தோன்றியது. அப்பா சொன்னதற்கு எதிர்த்துப் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

உங்கள் வாய்மொழித் தேர்வுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், இதெல்லாம் மேல்நாட்டுச் சங்கதி இல்லையா அம்மா என்று கேட்டார். நீங்கள் பதறவில்லை. "ஆசை எங்கேயும் உண்டு ஐயா. சட்டமும் பேரும்தான் கப்பல்ல வந்தது. அங்கேயே அந்தப் பேரு ரொம்பப் பழசு இல்லை. எது எப்ப வந்ததுன்னு பிரிச்சுக் காட்டறதுதான் என் வேலை" என்றீர்கள். அவர் தலையாட்டினார். நான் கை தட்டிவிட்டேன். நான் ஒருத்திதான் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு வருடம்தான் இருந்தீர்கள். மார்பில் கட்டி என்று சொன்னபோதும் ஏதோ பஸ் தாமதம் என்பது போலத்தான் சொன்னீர்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உங்கள் கை என் கைக்குள் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. "பாஸ்கர் விரல்ல அடிபட்டிருந்ததே, ஆறிடுச்சா?" என்று கேட்டீர்கள். ஆறிவிட்டது மேடம். நகம்தான் வளைந்து முளைத்திருக்கிறது. அன்று இதைச் சொல்லத் தெரிந்த எனக்கு நன்றி என்று சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் போன செய்தி கேட்டு முசிறிக்கு வந்தேன். வாழைத்தோட்டத்தை ஒட்டி உங்கள் வீடு. உங்கள் அண்ணி என்னை யாரென்று தெரியாமல், "நீங்க?" என்றார். "அவங்க தீசிஸை அடிச்சுக் கொடுத்தவ" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது?

இப்போது எங்கள் நடப்பைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்குச் செந்திலும் பாஸ்கரும் வருகிறார்கள். வந்தால் நாலு நாள். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பாஸ்கர்தான் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறான். கடும் சொல் ஏதாவது நாக்கு நுனிக்கு வந்தால், இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் நிற்கிறேன். எப்போதும் நின்றுவிடுகிறேன் என்று சொல்ல மாட்டேன். பாதி நேரம் நிற்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு அவர்களிடமே கேட்டேன். "யாராவது கேட்டா பாஸ்கரை நான் என்னன்னு சொல்லட்டும்? இப்ப என்னென்னமோ பேரு சொல்றாங்களே."

செந்தில் பாஸ்கரைப் பார்த்தான். பாஸ்கர் கரும்பைக் கடித்துக்கொண்டே, "அதெல்லாம் பசங்க சொல்லட்டும் அக்கா. எனக்கு வாயில நுழையலை. எங்க வீட்டு ஆளுன்னு சொல்லுங்க, போதும்" என்றான்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மாமி கோலத்துக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பாஸ்கர் தெருமுனை திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் வராரே, அவர் யாருடி?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளு மாமி" என்றேன்.

"அதான் இவ்வளவு உரிமையா இருக்கார்" என்று சொல்லிவிட்டு மாமி கோலப்பொடியை எடுக்க உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். முசிறிக்கு ஒரு போன் போட்டு இதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன்.